ரெடிங்கில் தென்னங்கன்று: குருத்து கையோடு வந்துவிட்டது, பிழைக்குமா?

பேராவூரணிக்காரன் (ரெடிங், இங்கிலாந்து), ஜனவரி 19

வணக்கம். சிரிக்காமல் படிக்கவும். போன மே மாதம் இங்கே ஒரு செடிக்கடையில் தென்னங்கன்று பார்த்தேன். தேங்காய் பாதி மண்ணுக்கு வெளியே, ஐந்தடி உயரம், நாலு ஓலை. விலை 35 பவுண்டு. அந்தக் காசுக்கு ஊரில் அரை ஏக்கர் நடுகிற அளவுக்குக் கன்று கிடைக்கும். தெரிந்தேதான் வாங்கினேன். 2018 கஜா புயலில் எங்கள் தோப்பில் 140 மரம் ஒரே ராத்திரியில் சாய்ந்தது. அப்பா மறுபடி நட்டது இப்போதுதான் பாளை விடுகிறது. அவரிடம் வீடியோ காலில் "எங்க வீட்டு ஹாலிலும் தென்னை இருக்கு" என்று காட்ட வேண்டும், அவ்வளவுதான் ஆசை.

ஜூலை, ஆகஸ்டில் ஒரு புது ஓலை விட்டது. நவம்பரில் நுனிகள் கருக ஆரம்பித்தன. தெற்குப் பார்த்த ஜன்னலோரம்தான் வைத்திருக்கிறேன், பக்கத்திலேயே அறையைச் சூடாக்கும் ரேடியேட்டர். அப்பா சொல்படி ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர். போன சனிக்கிழமை தூசி துடைக்கும்போது நடுக்குருத்தை லேசாகப் பிடித்தேன், உருவிக்கொண்டு வந்துவிட்டது. அடிப்பக்கம் டீயில் ஊறிய ரஸ்க் மாதிரி பழுப்பாக, கழுவாத மீன்தொட்டி நாற்றம். கீழ் ஓலைகள் இன்னும் பச்சைதான். அப்பாவிடம் சொல்லவில்லை. வழி இருக்கிறதா, தூக்கிப் போட வேண்டியதுதானா?

வடலி (சவுத்தெண்ட்)

தம்பி, நான் சிரிக்கேல்லை. நானும் மூண்டு தென்னம்பிள்ளையைச் சாகக் குடுத்தனான். பனை, ஈந்து, கமுகு எண்டு இருபது வருசமா இந்த விசரிலதான் திரியிறன்.

குருத்துக் கழண்டால் உடன செத்துப்போச்செண்டு இல்லை. ஆனா தென்னைக்கு வளருற முளை ஒண்டே ஒண்டுதான், அது குருத்துக்கு அடியில கிடக்குது. மற்ற மரம் மாதிரிப் பக்கத்தால கிளை விடாது. அழுகல் அங்க இறங்கினால் கதை முடிஞ்சுது. இறங்கமுதல் மறிக்க வேணும்.

மருந்துக்கடையில 3 வீத ஹைட்ரஜன் பெராக்சைட் வாங்குங்கோ. குருத்து இருந்த துவாரத்துக்குள்ள மெதுவா விடுங்கோ. சோடா மாதிரி நுரைக்கும். அழுகினது இருக்குமட்டும் நல்லாப் பொங்கும். ரெண்டு நாள் விட்டு, நுரை அடங்குமட்டும் திரும்பச் செய்யுங்கோ. பிறகு அந்தக் குழிக்குள்ள ஒரு சொட்டுத் தண்ணியும் போகக் கூடாது.

இனி ஏச வேண்டிய இடம். ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணி ஆர் விடச் சொன்னது? அப்பா சொன்னது பேராவூரணி வெயிலுக்கு. ஒரு தெர்மாமீட்டரை மண்ணுக்குள்ள குத்திப் பாருங்கோ. அறை 20 பாகை காட்டும், ஜன்னலடியில மண் 13, 14இல கிடக்கும். என்ர அனுபவத்தில மண் 20க்குக் கீழ போனால் தென்னை வேர் குடிக்கிறதை விட்டிடும். நீங்கள் ஊத்தினது அங்கயே தேங்கி நிண்டு அழுகிப்போச்சு. வெளிச்சமும் அப்பிடித்தான். டிசம்பரில இஞ்ச பகல் எட்டு மணித்தியாலமும் இல்லை, உங்கட ஊரில பதினொண்டரை.

கோடையில ஓலை விட்டதெண்டு சந்தோசப்பட்டிருப்பியள். அது தேங்காய்க்குள்ள இருந்த சாப்பாடு. முளைச்ச தேங்காயை உடைச்சால் பஞ்சு மாதிரிப் பூ இருக்குமெல்லே, அது பருப்பைக் கரைச்சுக் கரைச்சுக் கண்டுக்குக் குடுக்குது. ஒரு வருசம், சிலவேளை கொஞ்சம் கூட. கடைக்காரர் விக்கிறது அந்த ஒரு வருசத்தைத்தான். கட்டுச்சோறு முடியிற நேரம் குளிர் வருது.

பனை இன்னும் மோசம். விதை வாங்கி வாளியில முளைக்க வைச்சன். பனங்கொட்டை முதல் கீழ்நோக்கித்தானே ஓடும், கிழங்கு இறங்கிற மாதிரி. வாளியின்ர அடியில முட்டிச் சுருண்டு செத்துது. அடுத்ததை நாலடி நீள மழைத்தண்ணிக் குழாய்க்குள்ள மண் நிரப்பி நட்டன். நாலு வருசத்தில மூண்டு ஓலை. மனுசன் அதைக் கடந்து போகேக்க ஒரு பார்வை பார்ப்பார்.

குளிர்_மைனஸ்20 (டொரண்டோ)

வடலி அக்கா சொன்னதற்கு மேல் ஒன்றுதான். ரேடியேட்டரை நம்பாதீர்கள், அது ஓலையைக் காய வைக்கும், வேருக்குச் சூடு போகாது. காய்ந்த காற்றில் சிலந்திப்பேன் வேறு வரும். ஓலையின் அடிப்பக்கத்தை வெள்ளைத் தாளில் தட்டிப் பாருங்கள், புள்ளிகள் நகர்ந்தால் அதுதான். விதை முளைக்க வைக்கிற ஹீட் மேட்டைத் தொட்டிக்கு அடியில் போட்டு, எல்.இ.டி. விளக்கை 14 மணிநேரம் எரிய விடுங்கள். கரண்ட் பில் வந்ததும் தேங்காய் ஒன்று என்ன விலை விழுகிறது என்று கணக்குப் போடாதீர்கள். நான் போட்டேன். வீட்டில் பேச்சுவார்த்தை நின்றுவிட்டது.

கரிசல் (பர்மிங்ஹாம்)

நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். தென்னையை விடுங்கள். இந்த மண்ணில் வெளியில் நிற்கிற பனை வேண்டுமென்றால் சூசான் பனை. சீனத் தேயிலையை இந்தியாவுக்குக் கடத்தினாரே ராபர்ட் ஃபார்ச்சூன், அவர் 1849-இல் இங்கே அனுப்பிய இனம். வளர்ந்த மரம் மைனஸ் 15 வரை தாங்கும். என் வாசலில் இருப்பது இப்போது கூரையைத் தொடுகிறது. தண்டைச் சுற்றி நம் பன்னாடை போலவே நார், பார்த்தாலே ஊர் ஞாபகம்.

ஆசைப்பட்டு கேனரி ஈச்சமரமும் வைத்திருந்தேன். 2010 டிசம்பர் குளிரில் பிளாஸ்டிக் தாளால் இறுக்கிச் சுற்றினேன். உள்ளே வேர்த்து வேர்த்து, மார்ச்சில் பிரித்தபோது உங்கள் குருத்து மாதிரியே கையோடு வந்தது. மூச்சு விடுகிற துணியால் சுற்றியிருக்க வேண்டும். அந்த நாற்றத்தை நீங்கள் எழுதியதைப் படித்ததும் மூக்குக்கு வந்துவிட்டது.

பேராவூரணிக்காரன், மார்ச் 16

எல்லோருக்கும் நன்றி. கரிசல் அண்ணே, சூசான் பனையும் வாங்குகிறேன், ஆனால் இதை விட மனசில்லை.

இறைச்சி வேகவைக்கிற தெர்மாமீட்டரைத்தான் குத்தினேன். 12.5. வடலி அக்கா கணக்குக்கும் கீழே. ஒரு பாவத்தை முதலில் சொல்லாமல் மறைத்துவிட்டேன்: அக்டோபரில் ஒரு கைப்பிடி கல் உப்பும் போட்டிருந்தேன். தோப்பில் குழியில் போடுவோமே என்று. தொட்டியில் அது எங்கே போகும்? அதனால் கன்றைப் பிடுங்கி மண்ணை முழுக்க உதறினேன். வேரில் பாதி கறுப்பு, தொட்டால் தோல் மட்டும் கழன்று வருகிறது. நல்ல வேரை வைத்துக்கொண்டு தேங்காய்நார்த்தூளும் பெர்லைட்டும் (தண்ணீர் தேங்காமல் இருக்கக் கலக்கும் வெள்ளைக் குருணை) கலந்து நட்டேன். தூள் கட்டியின் பொட்டலத்தில் 'இந்தியத் தயாரிப்பு' என்று போட்டிருந்தது. எங்கள் ஊர் மட்டையாகவே இருக்கலாம்.

நடும்போது தேங்காய் தானாகவே கழன்றது. உடைத்துப் பார்த்தேன். பருப்பு இல்லை, பூவும் இல்லை. சிரட்டையின் உள்பக்கம் காய்ந்த காகிதம் மாதிரி ஒரு படலம்.

பெராக்சைட் நாலு தடவை. மூன்றாவது தடவை வரை பொங்கியது. பிப்ரவரி 20 வாக்கில் துவாரத்துக்குள் ஏதோ வெளிறின பச்சை தெரிந்தது. கண் ஏமாற்றுகிறதோ என்று அதன் மேலும் பக்கத்து மட்டையின் மேலும் சேர்த்து மார்க்கரால் ஒரே கோடாகப் போட்டு வைத்தேன். இன்றைக்கு ஸ்கேல் வைத்துப் பார்த்தால் குருத்தில் இருக்கிற கோடு 11 மில்லிமீட்டர் மேலே ஏறியிருக்கிறது. ஆனால் நுனி கருகி, மடங்கித்தான் வருகிறது. வெட்டிவிடவா?

வடலி

தொடாதேங்கோ. அடுத்த ரெண்டு ஓலையும் அப்பிடித்தான் கோணிக் கோணி வரும். தொட்டிக்கு அடியில இருக்கிற ஹீட் மேட்டை நிப்பாட்டாதேங்கோ, ஏப்ரலிலயும் இஞ்ச குளிர் வரும். அப்பாவுக்கு இன்னும் சொல்லேல்லையோ?

பேராவூரணிக்காரன்

கருகாத ஓலை ஒன்று வரட்டும், அக்கா.