சிக்குன்குனியா போயும் அம்மாவுக்கு அசதி, மூட்டுவலி விடவில்லை: உதவுங்கள்

வணக்கம். போன மழைக்காலத்தில் அம்மாவுக்குச் சிக்குன்குனியா வந்தது. காய்ச்சல் ஒரு வாரத்தில் விட்டது, வலியும் அசதியும் இன்னும் விடவில்லை. காலையில் விரல்களை மடக்க முடியாமல் காபி டம்ளரை இரண்டு உள்ளங்கைகளாலும் அணைத்துப் பிடிக்கிறார். வெயில் ஏறினால் கொஞ்சம் இளகும். நாலு பாத்திரம் கழுவினால் மறுபடி படுக்கைதான். பார்க்கவே மனசு தாங்கவில்லை.

ரத்தசோகை, தைராய்டு, சர்க்கரை எல்லாம் பார்த்தாயிற்று, குறையில்லை. சிலருக்கு இந்த வலி மாதக்கணக்கில் நீடிக்கும் என்கிறார் டாக்டர். அவர் தரும் மாத்திரையை நிறுத்தப் போவதில்லை, அதோடு சேர்த்து என்ன செய்யலாம்?

முடக்கத்தான் தோசையும் வெந்நீர் ஒத்தடமும் நடக்கின்றன. ஒத்தடம் கொடுத்தால் கொஞ்ச நேரம் சுகமாக இருக்கிறதாம். நிலவேம்புக் குடிநீர் காய்ச்சலுக்குத்தானே கொடுப்பார்கள், இப்போது குடித்துப் பயனுண்டா? பிண்டத் தைலம் தேய்த்தவர்கள் இருக்கிறீர்களா? வீக்கம் இருக்கும்போது நடக்கச் சொல்வதா, ஓய்வெடுக்க விடுவதா?

அப்புறம், தாம்பரம் சானடோரியத்தில் இருக்கும் தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தில் இதற்குச் சிகிச்சை எடுத்தவர்கள் அவசியம் எழுதுங்கள். அம்மா ரத்தக்கொதிப்பு மாத்திரையும் சாப்பிடுகிறார், அதனால் உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாத பொடி, லேகியம் மட்டும் வேண்டாம்.