நீருக்கு 104.5, ஹைட்ரஜன் சல்பைடுக்கு 92 ஏன்?

குடியாத்தத்தில் பதினொன்றாம் வகுப்புக்கு வேதியியல் டியூஷன் எடுக்கிறேன். பிணைப்புக் கோணத்தில், அதாவது மைய அணுவில் இரண்டு பிணைப்புகளுக்கு இடையிலுள்ள கோணத்தில், மாட்டிக்கொண்டேன்.

மீத்தேன் 109.5 டிகிரி. ஒரு தனித்த எலக்ட்ரான் இரட்டை (பிணைப்பில் சேராதது) உள்ள அம்மோனியா 107, இரண்டு உள்ள நீர் 104.5. தனித்த இரட்டை மைய அணுவை ஒட்டியே இருப்பதால் பிணைப்பு இரட்டைகளை நெருக்கித் தள்ளுகிறது. இதுவரை சரி. ஹைட்ரஜன் சல்பைடில்தான் இடிக்கிறது. அதிலும் இணைதிறன் (வெளிக்கூட்டு) எலக்ட்ரான்கள் 8, பிணைப்பு இரட்டை 2, தனித்த இரட்டை 2. கோணமோ 92!

எலக்ட்ரான்களைப் புள்ளிகளாகக் காட்டும் லூயிஸ் அமைப்பைப் பலகையில் போட்டு எண்ணிக் காட்டினேன். ஊறவைத்த பட்டாணியில் ஈர்க்குச்சி செருகி மாதிரியும் செய்தாயிற்று. நீரும் ஹைட்ரஜன் சல்பைடும் ஒன்றுபோலவே நிற்கின்றன. கந்தகம் பெரிய அணு என்றேன். "பெரிசுன்னா இடம் தாராளமாச்சே, கோணம் ஏன் சார் சுருங்குது?" என்று ஒரு மாணவி மடக்கிவிட்டாள். நியாயமான கேள்விதான். திங்கட்கிழமை தேர்வு வேறு.

இனக்கலப்புக்குள் (அணுவின் ஆர்பிட்டால்கள் கலப்பது) போகாமல், எலக்ட்ரான் இரட்டைகளின் விலக்கத்தை மட்டும் வைத்து இந்த 92-ஐ விளக்க முடியுமா?