நிசானைக் கவிழ்த்தது யார்?

சாலைப்பிரியன்:
2025 மார்ச்சில் முடிந்த நிதியாண்டில் ஜப்பானியக் கார் நிறுவனமான நிசானுக்கு 67,000 கோடி யென்னுக்கு மேல் நிகர நஷ்டம். 2024 டிசம்பரில் ஹோண்டாவுடன் இணைப்புப் பேச்சு தொடங்குவதாக மேடைபோட்டு அறிவித்தார்கள். 2025 பிப்ரவரியில் அது முறிந்தது. இப்போது 20,000 பேரைக் குறைக்கிறார்கள், 17 ஆலைகளைப் பத்தாக்குகிறார்கள். நம் ஒரகடத்து ஆலையில் நிசானிடம் இருந்த 51 சதவீதப் பங்கையும் அதன் பிரெஞ்சுக் கூட்டாளி ரெனோ வாங்கிக்கொண்டது.

இதற்கெல்லாம் ஒரே மனிதர்தான் காரணம் என்பது என் வாதம்: கார்லோஸ் கோன். 1999-இல் நிசானை நடத்த ரெனோ அனுப்பிவைத்தவர். வந்ததும் கொள்முதல் செலவை மூன்றாண்டுகளில் 20 சதவீதம் வெட்டச் சொன்னார், 1,145 சப்ளையர்களை 600 ஆக்கச் சொன்னார். ஐந்து ஆலைகளை மூடும் பட்டியலும் வந்தது. அதில் ஸ்கைலைன் கார் உருவான முராயாமாவும் ஒன்று! பிறகு 2011-இல் 'பவர் 88' என்று ஒரு திட்டம். உலகச் சந்தையில் எட்டு சதவீதம், லாபத்தில் எட்டு சதவீதம். அந்த எட்டைப் பிடிக்க அமெரிக்காவில் தள்ளுபடி மேல் தள்ளுபடி, வாடகைக் கார் நிறுவனங்களுக்கு மொத்த விற்பனை. அங்கே ஓடித் தேய்ந்து மலிவாகச் சந்தைக்குத் திரும்பிய வண்டிகள், சொந்தப் பணம் போட்டு வாங்கியவரின் மறுவிற்பனை விலையையும் சரித்தன. நல்ல பொறியாளர்கள் கட்டிய பெயரைக் கணக்கர்கள் தின்று தீர்த்தார்கள்.

மறுப்பவர்கள் ஆதாரத்தோடு வரவும்.

கணக்குப்பிள்ளை:
கணக்கர்கள் தின்றார்களா? கணக்கர் சார்பில் நானே வருகிறேன்.

கோன் வந்தபோது நிசானின் கடன் சுமார் 2 லட்சம் கோடி யென். 1990களின் பெரும்பாலான ஆண்டுகள் நஷ்டம். பங்கு வாங்க வந்த டைம்லர்கிறைஸ்லர் நிறுவனம் நிசானின் ஏடுகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு 1999 மார்ச்சில் விலகிக்கொண்டது. மிஞ்சியது ரெனோ மட்டும்தான். 64,300 கோடி யென் கொடுத்து 36.8 சதவீதப் பங்கை அது வாங்கியிருக்காவிட்டால், இன்று குறை சொல்ல நிசான் என்று ஒன்று இருந்திருக்குமா என்பதே சந்தேகம். 2001 மார்ச்சில் முடிந்த ஆண்டில் லாபம் 33,100 கோடி யென். இது மாயாஜாலமல்ல, வெட்ட வேண்டியதை வெட்டியதன் விளைவு.

அந்தக் கடனை யார் வாங்கினார்கள் என்றும் சாலைப்பிரியன் சொல்ல வேண்டும். 1980களில் தலைவர் தகாஷி இஷிஹாரா ஒரு பக்கம், தொழிற்சங்கத் தலைவர் இச்சிரோ ஷியோஜி மறுபக்கம். இங்கிலாந்தில் சண்டர்லாண்ட் ஆலை கட்டலாமா வேண்டாமா என்பதே பெரும் மல்லுக்கட்டாக இருந்தது. 1981-இல், வெளிநாடுகளில் தங்கள் கார்களை விற்றுவந்த டாட்சன் என்ற பெயரைக் கைவிட முடிவெடுத்தார்கள். அமெரிக்காவில் இருபது ஆண்டுகளாக மக்கள் நாவில் புழங்கிய பெயர் அது! டாட்சனை அங்கே வளர்த்த யுதாகா கதயாமாவை 1977-இலேயே ஜப்பானுக்குத் திருப்பி அழைத்து ஓரங்கட்டியாகிவிட்டது. இவை எதையும் கோன் செய்யவில்லை.

படப்பை பாண்டி:
நான் ஒரகடத்தில் உதிரிபாகம் செய்யும் ஓர் ஆலையில் தரப் பரிசோதனையில் இருக்கிறேன். நிசானுக்கு நேரடியாகத் தருபவர்கள் அல்லர் நாங்கள். ஆனால் "20 சதவீதம் குறை" என்று மேலிருந்து வரும் வாக்கியம் எங்கள் மேசைக்கு வரும்போது என்ன ஆகிறது என்று எனக்குத் தெரியும். எஃகின் விலையை யாரும் குறைக்க மாட்டார்கள், மின் கட்டணமும் குறையாது. குறைவது சோதனை நேரம்தான். ஆயிரம் மணி நேரம் ஓட்டிப் பார்க்க வேண்டிய பாகத்தை எழுநூறு மணி நேரத்தில் "போதும்" என்று எழுதி அனுப்புவார்கள். அந்த முந்நூறு மணி நேரம் வாடிக்கையாளரின் சாலையில் ஓடும்.

சிவிடி கியர்பெட்டியைப் பாருங்கள். இரண்டு கப்பிகள், நடுவே ஓர் எஃகுப் பட்டை. கப்பியின் இடைவெளி விரிந்து சுருங்க, கியர் விகிதம் படிப்படியாக மாறாமல் வழுக்கிக்கொண்டே மாறும். எரிபொருள் மிச்சம், ஓட்டுவதற்கும் இதம். ஆனால் பட்டை கப்பியை எப்போதும் சரியான அழுத்தத்தில் பிடித்திருக்க வேண்டும், எண்ணெய் சூடேறிக் கெடக் கூடாது. பட்டை ஒருமுறை வழுக்கிக் கப்பியில் கீறல் விழுந்துவிட்டால் பிறகு நடுக்கம்தான். நிசான் இதைச் சிறிய காரில் மட்டும் வைக்கவில்லை. ஏழு பேர் அமரும் பாத்ஃபைண்டரிலும் 2013 மாடலில் வைத்தது. புகார்களும் வழக்குகளும் குவிந்தன. 2022 மாடல் பாத்ஃபைண்டரில் சிவிடியைத் தூக்கிவிட்டு ஒன்பது கியர் ஆட்டோமேட்டிக்குக்குத் திரும்பினார்கள். செய்தவரே எடுத்துவிட்ட பிறகு நாம் என்ன வாதாடுவது?

கணக்குப்பிள்ளை:
பாண்டி, சிவிடி மோகமும் கோனுக்கு முந்தையது. 1992-இலேயே 'மார்ச்' என்ற சிறிய காரில் சிவிடி இருந்தது. 1999-இல் செட்ரிக், குளோரியா என்ற பெரிய கார்களில் பட்டையே இல்லாத, உருளைகளால் இயங்கும் ஒரு வகையைப் போட்டுப் பார்த்தவர்களும் இவர்கள்தான். அது நிசான் பொறியாளர்களின் சொந்த ஆசை. ஆகவே "நல்ல பொறியாளர், கெட்ட கணக்கர்" கதை இங்கே எடுபடாது. மேலும் 2009-இல், பழுது பெருகியபோது, 2003 முதல் 2010 வரையிலான மாடல்களுக்குச் சிவிடி உத்தரவாதத்தைப் பத்து ஆண்டு அல்லது 1,20,000 மைல் என்று இரட்டிப்பாக்கியதும் இதே கோன் நிர்வாகம்தான்.

படப்பை பாண்டி:
ஆய்வுக்கூடத்தில் ஆசைப்படுவது வேறு ஐயா. அதை எல்லா வண்டியிலும் திணித்து ஆண்டுக்குப் பல லட்சம் விற்பது வேறு. முதலாவது பொறியாளன் முடிவு, இரண்டாவது உங்கள் ஆட்களின் முடிவு. உத்தரவாதத்தை நீட்டினார்கள், சரி. நீட்ட வேண்டிய நிலை ஏன் வந்தது?

ஷார்ஜா செல்வி:
எல்லோரும் அமெரிக்கக் கணக்கையே பேசுகிறீர்கள். வளைகுடாவுக்கு வந்து நிசான் கெட்ட பெயர் எடுத்துவிட்டது என்று சொல்லிப் பாருங்கள், சிரிப்பார்கள்.

என் அப்பா இங்கே வாகனப் பணிமனை வைத்திருந்தார். நிசானின் கரடுமுரடுப் பாதை வண்டியான பட்ரோல் என்றால் அவருக்குத் தனி மரியாதை. 4.8 லிட்டர், வரிசையாக ஆறு சிலிண்டர் கொண்ட அந்தப் பெட்ரோல் எஞ்சினைத் திறக்கும்போது உதவியாளர்களையும் அழைத்துக் காட்டுவார். அபுதாபியில் லிவா பக்கம் தல் மொரீப் என்று ஒரு மணல் மலை இருக்கிறது. நிமிர்ந்து பார்த்தால் கழுத்து வலிக்கும். அதில் ஏறும் பந்தயங்களில் பட்ரோல் இல்லாத ஆண்டே கிடையாது. புதிய பட்ரோலை 2010-இல் உலகுக்கு முதலில் காட்டிய இடமும் அபுதாபிதான், ஜப்பான் அல்ல. பழைய மாடலையும் விற்பனையிலிருந்து எடுக்க விடாமல் இங்குள்ளவர்கள் பல ஆண்டுகள் கேட்டு வாங்கிக்கொண்டே இருந்தார்கள். திருப்தி என்பதற்கு இதைவிட என்ன அளவுகோல் வேண்டும்?

சாலைப்பிரியன்:
செல்வி அக்கா, நீங்கள் எனக்குத்தான் சாட்சி சொல்லியிருக்கிறீர்கள். நீங்கள் சொல்லும் அந்தப் பழைய பட்ரோலின் உடல் 1997-இல் வந்தது. கோன் காலடி வைப்பதற்கு முன்பு வரைந்த வண்டி.

ஷார்ஜா செல்வி:
2010-இல் வந்த வி8 பட்ரோலும் இங்கே அதே அளவு மதிக்கப்படுகிறது தம்பி. அது கோன் காலத்து வண்டி. வசதியான பாதியை மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள்.

கணக்குப்பிள்ளை:
அக்கா சொன்னதோடு சேர்த்துக்கொள்ளுங்கள்: கைவிடப்பட்ட இசட் ஸ்போர்ட்ஸ் கார் வரிசையை 2002-இல் மீட்டதும், 2007-இல் ஜிடி-ஆர் ஆர்35 என்ற அதிவேகக் கார் வந்ததும், 2010 டிசம்பரில் லீஃப் என்ற மின்சாரக் கார் சாதாரண மக்கள் வாங்கும் விலையில் சாலைக்கு வந்ததும் கோன் தலைமையில்தான். பொறியாளர்களை வெறுத்தவர் செய்யும் வேலைகளா இவை?

சாலைப்பிரியன்:
லீஃப் பேட்டரிக்குத் திரவக் குளிரூட்டலே கிடையாது. அரிசோனா வெயிலில் ஓரிரு ஆண்டுகளிலேயே கொள்ளளவு இறங்கி, உரிமையாளர்கள் சண்டை போட்ட பிறகுதான் 2013-இல் கொள்ளளவுக்கென்று தனி உத்தரவாதம் கொடுத்தார்கள். கொள்ளளவைக் காட்டும் பன்னிரண்டு கோட்டில் ஒன்பதுக்குக் கீழே இறங்கினால் ஐந்து ஆண்டு அல்லது 60,000 மைல் வரை சரிசெய்து தருவோம் என்று. முதலில் வந்தோம் என்ற பெருமைக்காக அரைகுறையாக இறக்கியது அது.

அப்புறம் 'டாட்சன் கோ' என்ற கார். இறந்த பெயரைத் தோண்டியெடுத்து, 2014-இல் இந்தியாவில் விற்றார்கள். குளோபல் என்கேப் என்ற பாதுகாப்பு அமைப்பின் மோதல் சோதனையில் பூஜ்யம். காரின் உடற்கூண்டே நிலைகுலைந்தது என்றார்கள். இந்தக் காரைச் சந்தையிலிருந்து எடுங்கள் என்று அந்த அமைப்பின் தலைவர் மேக்ஸ் மோஸ்லி நேரடியாகக் கோனுக்கே எழுதினார். 2022-இல் டாட்சன் இரண்டாம் முறையாகச் செத்தது. நாற்பது ஆண்டு இடைவெளியில் ஒரே பெயரை இரண்டு முறை கொன்ற நிறுவனம் வேறு உண்டா?

கணக்குப்பிள்ளை:
அதே 2014 தொடக்கத்தில் ஆல்டோ, ஐ10, ஃபிகோ, போலோ, நானோ எல்லாமே அதே சோதனையில் பூஜ்யம்தான். அவற்றுக்கும் கோன்தான் காரணமா?

சாலைப்பிரியன்:
திசை திருப்பாதீர்கள். போலோவைச் செய்யும் நிறுவனம் காற்றுப்பைகளைக் கட்டாயமாக்கி, மறுசோதனையில் நான்கு நட்சத்திரம் வாங்கியது. நிசான் என்ன செய்தது?

நெறியாளர்:
குரலைக் கொஞ்சம் தாழ்த்தவும். வேறு நிறுவனங்களைப் பற்றித் தனி இழை திறந்துகொள்ளலாம்.

பழைய இரும்பு:
இடையில் ஒரு வார்த்தை. இந்திய ராணுவத்துக்காக ஜபல்பூர் வாகனத் தொழிற்சாலையில் 1969 முதல் பல ஆண்டுகள் செய்த ஜோங்கா உங்களில் எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது? அது நிசானின் பழைய பட்ரோல்தான். ஏறக்குறைய நான்கு லிட்டர் பெட்ரோல் எஞ்சின், குடிக்கும் அளவைப் பற்றிக் கேட்காதீர்கள். ராணுவம் ஏலத்தில் விட்ட வண்டிகளை இன்றும் தேடித் தேடி வாங்குகிறார்கள். தோனியே ஒன்று வாங்கினார். கோன் பிறந்த ஊர் எது என்றுகூட அந்த எஞ்சினுக்குத் தெரியாது. சரி, நீங்கள் சண்டையைத் தொடருங்கள்.

யாழ் தேவன்:
பழைய இரும்பு அண்ணா சொன்ன இடத்தில்தான் விஷயமே இருக்கிறது. எங்கள் இலங்கையில் சன்னி பி11, பி12 கார்கள் முப்பது வயது தாண்டியும் ஓடுகின்றன. அது நிசானின் பெருமை மட்டுமல்ல. யாழ்ப்பாணத்தில் எந்தக் கராஜுக்குப் போனாலும் அந்த எஞ்சினைக் கண்ணை மூடிக்கொண்டு கழற்றிப் பூட்டத் தெரிந்த ஒருவர் இருப்பார், கொழும்பு பஞ்சிகாவத்தையில் அதற்கு உதிரிப்பாகம் கிடைக்கும். வாகன இறக்குமதி 2020 முதல் 2025 தொடக்கம் வரை நிறுத்தப்பட்டிருந்தபோது அந்த வசதியின் அருமை இன்னும் கூடியது. உரிமையாளரின் திருப்தியை யோகோஹாமா தலைமையகத்தில் இருந்த தலைவர் தீர்மானிக்கவில்லை.

படப்பை பாண்டி:
தேவன் சொல்வது இந்தியாவுக்கும் பொருந்தும், தலைகீழாக. இங்கே விற்பனையையும் விளம்பரத்தையும் ஹோவர் ஆட்டோமோட்டிவ் என்ற வெளி நிறுவனத்திடம் ஒப்படைத்தார்கள். 2014-இல்தான் அந்த ஒப்பந்தம் முறிந்தது. ஒரகடத்தில் 2010 முதல் மைக்ரா காரைச் செய்து எண்ணூர்த் துறைமுகம் வழியாக ஐரோப்பாவுக்கே அனுப்பினார்கள். நன்றாகச் செய்யத் தெரியும் என்பதற்கு அதுவே சான்று. உள்ளூர்க்காரனுக்கு விற்பதை மட்டும் அடுத்தவர் தலையில் கட்டினார்கள். வாங்கியவன் முகத்தைத் தயாரித்தவன் நேரில் பார்க்காவிட்டால் என்ன புரியும்? போதாக்குறைக்கு, தமிழ்நாடு அரசு தர வேண்டிய ஊக்கத்தொகை வரவில்லை என்று 77 கோடி டாலருக்கு மேல் கேட்டு இந்தியா மீதே சர்வதேச நடுவர் வழக்குப் போட்டார்கள். 2020-இல் சமரசம் ஆனது. அதில் நியாயம் யார் பக்கம் என்பது வேறு கதை. ஆனால் கார் விற்க வந்த ஊரில் கார் விற்பதைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் நேரம் இருந்திருக்கிறது.

கணக்குப்பிள்ளை:
இதுவரை யாரும் தொடாத ஒன்றை வைக்கிறேன். 2017-இல் ஜப்பானில் 12 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தார்கள், நினைவிருக்கிறதா? ஆலையிலிருந்து வெளியேறும் முன் இறுதிச் சோதனையைத் தகுதிச் சான்று இல்லாதவர்கள் செய்திருந்தார்கள். பிறகு வந்த விசாரணை அறிக்கை, தொச்சிகி ஆலையில் இந்தப் பழக்கம் 1979 வாக்கிலேயே தொடங்கியிருக்கக்கூடும் என்றது. மேலதிகாரிகள் ஆய்வுக்கு வரும் நாளில் மட்டும் எல்லாம் ஒழுங்காக நடந்திருக்கிறது.

1979. கோன் அப்போது மிஷெலின் டயர் நிறுவனத்தில் இளம் ஊழியர். சாலைப்பிரியன் போற்றும் "நல்ல பொறியாளர்களின் பொற்காலம்" அது.

சாலைப்பிரியன்:
காகிதத்தில் முத்திரை வைப்பவரின் தகுதி குறித்த குற்றம் அது. அதனால் ஒரு காரின் பிரேக்காவது செயலிழந்ததா? ஜப்பானுக்கு மட்டுமான விதி. ஏற்றுமதி வண்டிகளுக்கு அது பொருந்தவே இல்லை.

படப்பை பாண்டி:
இல்லை தம்பி, இந்த இடத்தில் ஐயா பக்கம் நிற்கிறேன். ஆய்வு நாளில் மட்டும் ஒழுங்காக இருக்கத் தெரிந்த ஆலைக்குத் தான் செய்வது தவறு என்று தெரியும். அதுதான் என்னை உறுத்துகிறது. ஆனால் ஐயா, பதினெட்டு ஆண்டு மேலிருந்தவர் அதைக் கண்டுபிடிக்கவே இல்லை என்பதையும் உங்கள் பேரேட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

கணக்குப்பிள்ளை:
எழுதிக்கொண்டேன். பற்றா வரவா என்றுதான் தெரியவில்லை.

புதுமுகம்:
மன்னிக்கவும், நடுவில் கேட்கிறேன். சிவிடி உள்ள பழைய சன்னி ஒன்று விலைக்கு வருகிறது. மேலே படித்ததும் பயமாக இருக்கிறது. வாங்கலாமா?

படப்பை பாண்டி:
பயப்படாமல் சோதித்துப் பாருங்கள். குளிர்ந்த எஞ்சினில் ஐந்து நிமிடம் ஓட்டித் திருப்தியடையாதீர்கள். அரை மணி நேரமாவது ஓட்டிச் சூடாக்குங்கள், ஒரு மேம்பாலம் ஏறுங்கள். நெரிசலில் மெதுவாக ஊர்ந்து நகரும்போது நடுக்கம் தெரிந்தாலோ, எஞ்சின் சுழற்சி ஏறியும் வேகம் ஏறாவிட்டாலோ வேண்டாம். கியர் எண்ணெய் மாற்றிய ரசீதைக் கேளுங்கள். சிவிடிக்கென்று நிறுவனம் சொல்லும் எண்ணெய்தான் ஊற்ற வேண்டும், சாதாரண ஆட்டோமேட்டிக் எண்ணெய் ஊற்றியிருந்தால் வண்டியைத் தொடாதீர்கள். ரசீது இல்லை, "ஆயுள் முழுக்க மாற்றத் தேவையில்லை என்றார்கள்" என்று உரிமையாளர் சொன்னால் விலையை நன்றாகக் குறையுங்கள்.

சாலைப்பிரியன்:
அல்லது கையால் கியர் மாற்றும் சன்னியைத் தேடுங்கள். கோனால்கூட அதைக் கெடுக்க முடியவில்லை.

கணக்குப்பிள்ளை:
அந்தச் சன்னி இந்தியாவுக்கு வந்தது 2011-இல், கோன் தலைமையில், சாலைப்பிரியன்.