‘மீயொலி வெட்டி’ சரியா?

ஐயா, வணக்கம்.

ஈரல் அறுவையில் பயன்படும் கூசா (CUSA) கருவிக்கு உங்கள் கலைச்சொல் பட்டியலில் நீங்கள் தந்த ‘மீயொலி வெட்டி’ (மீயொலி: காதுக்கு எட்டாத அதிவேக ஒலி, அல்ட்ராசவுண்ட்) வாயில் எளிதாக நுழைகிறது. வெட்டி என்றதும் வேலைவெட்டி இல்லாதவன் ஞாபகம் வந்து தொலைக்கிறது; அதைக்கூட விட்டுவிடலாம். அந்தக் கருவி வெட்டுவதே இல்லையே!

புளி கரைப்பதை நினைத்துப் பாருங்கள். பிசையப் பிசையச் சதை தண்ணீரோடு போய்விடும், நார் மட்டும் விரலில் தங்கும். கூசாவின் வேலையும் ஏறக்குறைய அதுதான். நொடிக்குச் சுமார் 23,000 முறை அதிரும் குழல்முனை (36,000 வகையும் உண்டு), நீர்ச்சத்து மிகுந்த ஈரல் செல்களைச் சிதைக்கிறது. கொலாஜன் என்னும் நார்ப்புரதம் நிறைந்த ரத்தக்குழாய்களும் பித்தநாளங்களும் பெரும்பாலும் அறுபடாமல் நிற்கின்றன. சிதைந்த கூழைப் பீய்ச்சிய நீரோடு சேர்த்து அதே குழல் உறிஞ்சிக்கொள்கிறது. மிஞ்சிய ‘நார்களை’ மருத்துவர் கட்டுப் போட்டோ கிளிப் போட்டோ ஒவ்வொன்றாகத் துண்டிக்கிறார். துண்டிப்பது அவர், கருவி அல்ல.

ஹார்மோனிக் என்ற இன்னோர் அறுவைக் கருவியும் மீயொலிதான், நொடிக்கு 55,500 அதிர்வு. ஆனால் அது திசுவைக் கவ்விப் பிடித்து, உராய்வுச் சூட்டில் ரத்தத்தை உறையவைத்தபடியே அறுக்கிறது. உங்கள் சொல் இதற்குத்தான் பொருந்தும். நான் ‘மீயொலிக் கத்தி’ என்பேன். இரண்டையும் ஒரே பெயரில் அடக்கினால் மாணவர்கள் தலையைப் பிய்த்துக்கொள்வார்கள்.

சரி, கூசாவுக்கு என்ன பெயர்? ‘மீயொலிக் கரைப்பி’ என்றுதான் முதலில் எழுதினேன். வேதியியல்காரர்கள் கரைதல் என்பதை வேறு பொருளில் ஆள்கிறார்கள், அதனால் அடித்துவிட்டேன். ‘மீயொலிச் சிதைத்துறிஞ்சி’ கொஞ்சம் நீளம்தான், ஆனால் செய்கிற இரண்டு வேலையையும் சொல்லிவிடுகிறது.

அப்புறம், ஈரல் திசுவைச் சாதாரண இடுக்கியால் நசுக்கிப் பிரிக்கும் முறைக்கு நீங்கள் வைத்த ‘இடுக்கி நசுக்கல்’ நல்ல சொல். பக்கத்தில் ‘வழக்கொழிந்த முறை’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதை எடுத்துவிடுங்கள். சூரிக்கில் 100 நோயாளிகளிடம் ஈரலைப் பிரிக்கும் நான்கு முறைகளை ஒப்பிட்ட ஆய்வு 2005இல் வெளியானது. கூசா, நீர்த்தாரை உள்ளிட்ட மற்ற மூன்றையும்விட, ஈரலுக்குப் போகும் ரத்தத்தைச் சற்று நேரம் நிறுத்திவிட்டுச் சாதாரண இடுக்கியால் நசுக்கியதே விரைவாக முடிந்தது. ரத்த இழப்பும் செலவும் அதில்தான் குறைவு.

அப்படி ரத்தத்தை நிறுத்துவதற்கு நீங்கள் வைத்த ‘பிரிங்கிள் பிடி’ அருமை. 1908இல் அறுவை மருத்துவர் பிரிங்கிள் இந்த முறையைப் பற்றி எழுதியபோது அது உண்மையிலேயே, ஈரலுக்குப் போகும் ரத்தக்குழாய்களை விரலுக்கும் கட்டைவிரலுக்கும் நடுவே பிடித்த பிடிதான். அதில் மட்டும் கை வைக்காதீர்கள்.