புதுப்பிப்பு: ஐயனின் கொழுப்பு மாத்திரை, ஆறு வாரம் கழித்து

ஐயனுக்கு மாரடைப்பு வந்த அன்றே அட்டோர்வாஸ்டாட்டின் 80 மில்லிகிராம் கொடுத்தார்கள், கெட்ட கொழுப்பு 118தானே, இவ்வளவு அவசரமாக வேண்டுமா என்று கேட்டிருந்தேன். வேண்டும். ரத்தக்குழாயில் வெடித்த கொழுப்புப் படிவால் முதல் சில வாரங்களில்தான் மறுபடி அடைப்பு வரும் ஆபத்து அதிகம், மாத்திரை கொழுப்பைக் குறைப்பதோடு அந்தப் படிவை நிலைப்படுத்தவும் உதவும், அதனால் எண்ணைப் பார்த்துக் காத்திருப்பதில்லை என்று டாக்டர் பொறுமையாக விளக்கினார்.

போன வாரம் ஈரோட்டில் ரத்தப் பரிசோதனை செய்து பார்த்ததில் கெட்ட கொழுப்பு 62. இலக்கு 55க்குக் கீழே, அதனால் கொழுப்பைக் குறைக்கும் இன்னொரு மாத்திரையான எசெடிமைபும் சேர்த்திருக்கிறார்கள்.

நடுவில் ஒன்று. கால் வலிக்கு அந்த மாத்திரைதான் காரணம் என்று பெரியப்பா சொல்ல, ஐயன் நான்கு நாள் மாத்திரையை வேட்டி மடிப்பில் ஒளித்துவிட்டார். துவைக்கும்போது அம்மா கையில் கிடைத்தது, எனக்குப் பதறிவிட்டது. வலி வந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். இப்போது ராத்திரி ராகிக்களி சாப்பிட்டதும் அம்மாவே மாத்திரையைக் கையில் கொடுத்து, விழுங்கும்வரை பக்கத்திலேயே நிற்கிறார்.