ரோமப் படைவீரர் வேடமிட்டு அவர்கள் மாதிரி நடந்து காட்டும் குழுக்களில் இருப்பவர்களே: இன்னும் மனதை விட்டுப் போகாத ஒன்றைச் சொல்லுங்கள்

வடமதில்:
இங்கிலாந்தில் ரோமர் கட்டிய ஹேட்ரியன் மதில் பக்கம், கோடை நிகழ்ச்சி. இரண்டாம் வரிசையில் கேடயத்தோடு நடந்தேன். முடிந்ததும் எட்டு வயதுப் பையன் ஒருவன் வந்து, "எல்லாரும் இடது காலைத்தானே முதலில் வைத்தீர்கள், ரோமர்களும் அப்படித்தானா?" என்று கேட்டான். "ஆமாம்" என்றேன். பென்சிலை நாக்கில் தொட்டுத் தொட்டு அதைக் குட்டி நோட்டில் எழுதிக்கொண்டான். எந்தக் கால் முதலில் என்று எந்தப் பழைய நூலும் சொல்லவில்லை. எங்களைப் பழக்கியவர் பிரிட்டிஷ் ராணுவத்தில் இருந்தவர். அந்த இடது கால் அங்கிருந்து வந்தது. மூன்று வருஷமாயிற்று, அந்த நோட்டு கண்ணிலேயே நிற்கிறது.

கொடிக்காரன்:
கால் இருக்கட்டும், கட்டளைகள்? நாங்கள் கத்தும் "மோவே" (நட), "ஸ்தா" (நில்) எல்லாம் ஸ்ட்ராட்டகிகான் என்ற பைசாந்தியப் போர் நூலில், கிரேக்க வரிகளுக்கு நடுவே லத்தீனில் கிடப்பவை. அது கி.பி. 600 வாக்கில் எழுதியது. நாங்கள் மாட்டுவதோ முதல் நூற்றாண்டுப் பட்டைக் கவசம். ஒருமுறை எங்கள் தலைவர் இதைக் கூட்டத்திடம் அப்படியே சொல்லிவிட்டார். அப்புறம் முதல் நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியர் ஜோசிபஸ் எழுதியிருக்கிறபடி "போருக்குத் தயாரா?" என்று மூன்று தடவை கேட்டார். மூன்று தடவையும் வலது கையைத் தூக்கிக் குரல் கொடுத்தோம். மூன்றாவது தடவை கூட்டத்தில் ஒரு சத்தமில்லை. எனக்கு உடம்பு சிலிர்த்தது.

சுமைக்கோல்:
கொடிக்காரன், 600-இல் எழுதினார்கள் என்பதால் சொல்லும் அப்போதுதான் பிறந்தது என்றாகாது. படைச்சொல் லேசில் மாறாது.

என் கதை சின்னது. 20 கிலோ மூட்டையைத் தடியில் கட்டித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தேன், ரோமில் டிராஜன் தூணில் செதுக்கியிருக்கிற வீரர்கள் மாதிரி. மதியத்துக்குள் கழுத்தோரம் தோல் உரிந்துவிட்டது. தடிக்கு அடியில் துணி வைத்தார்களா என்பதற்குக் கல்லில் பதில் இல்லை. நான் வைத்துக்கொண்டேன்.

புதியவர்களுக்கு ஒன்று. ரோமப் படைப் பயிற்சி பற்றி எழுதிய வெஜிஷியஸ் 20 ரோம மைல், அதாவது கிட்டத்தட்ட 30 கிலோமீட்டர், ஐந்து கோடை மணியில் என்கிறார். அது கடிகார மணி இல்லை. பகலைப் பன்னிரண்டாகப் பிரித்த மணி. ரோமில் நடுக்கோடையில் நம் 75 நிமிஷம் வரும். ஆக, ஆறேகால் மணி நேரம். இது தெரியாமல் ஐந்து மணி நேரத்தில் முடிக்கச் சொல்லி ஆட்களை விரட்டுகிற குழுக்கள் உண்டு, அப்படி ஒன்றில் சேராதீர்கள். கல் பாவிய தரை வந்தால் ஓரப் புல்லில் இறங்கி நடங்கள், அடியில் ஆணி அடித்த நம் செருப்பு கல்லில் வழுக்கும். எருசலேம் கோயிலின் கல் தளத்தில் ஜூலியானுஸ் என்ற ரோம நூற்றுவர் தலைவன் ஆணிச்செருப்பு வழுக்கி விழுந்துதான் மாட்டிக்கொண்டு செத்தான். செருப்பு வாரையும் முதல் நாளே முழுக்க இழுத்துக் கட்டாதீர்கள், நனைந்தால் தோல் நீளும், அப்போது இழுத்துக்கொள்ளலாம்.