பாபநாசம், கூந்தன்குளம், மணப்பாடு: தை மாசம் 2 நாள் படம் எடுக்கும் பயணம், வரிசை சரியா?

பேட்டைக்காரன்:
ஜனவரி கடைசி சனி, ஞாயிறு திருநெல்வேலிப் பக்கம். கார், 2 பேர். 24-105, 100-400 லென்ஸ், ட்ரைபாட், சிபிஎல் (போலரைசர் ஃபில்டர்), 6 ஸ்டாப் என்டி (வெளிச்சத்தைக் குறைக்கும் கறுப்பு ஃபில்டர்), ட்ரோன் இருக்கு. சனி சாயங்காலம் பாபநாசம் பக்கம் பொதிகை மலை, ஞாயிறு காலை கூந்தன்குளம் பறவைகள் சரணாலயம், அன்னைக்கே சாயங்காலம் உவரி, மணப்பாடு கடல். எதை மாத்தணும்?

கன்னடியன்கால்:
அண்ணாச்சி, முழுசாத் திருப்பிப் போடுங்க. நமக்கு மலை மேற்கே, கடல் கிழக்கே. சாயங்காலம் வெயில் மலைக்குப் பின்னால போயிரும். 4 மணிக்கு மேல பொதிகை நீலக் கறுப்பா, மடிப்பு எதுவும் தெரியாமத் தட்டையா விழும். கடலுக்கும் அதே கதை, சூரியன் முதுகுப்பக்கம் ஊருக்குள்ள இறங்கும். ஆக ரெண்டுக்குமே காலைதான் வேணும். வெள்ளி ராத்திரியே கிளம்பினால்தான் 2 காலை கிடைக்கும்.

எந்தக் காலை எதுக்கு? சனி கடல், ஞாயிறு மலை. ஞாயிற்றுக்கிழமை நம்ம கடற்கரை ஊர்களில் தொழிலுக்குப் போகமாட்டாங்க. வள்ளம் எல்லாம் கரையில ஏறிக் கிடக்கும். வள்ளம் வந்து மீன் இறக்குறது வேணும்னா சனிதான். ஆளை எடுக்கும் முன்னால ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க.

மலைக்கு அணைப்பக்கம் போய் நிக்காதீங்க, அடிவாரத்தில் நின்னா மலை குறுகிரும். கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம் வயக்காட்டு வரப்பில் நின்னு 100-200 மி.மீ.யில் இழுத்தால் பிசான நெற்பயிருக்கு மேலே மலை சுவராட்டம் எழும்பும். சூரியன் 6.40 வாக்கில். 6.15க்கே ட்ரைபாட் நிக்கணும். முதல் 40 நிமிஷம்தான் மடிப்புக்கு மடிப்பு நிழல் விழும், அதுக்கப்புறம் வெளுத்துரும். சிபிஎல்லை மேற்கே பார்த்துத் திருகி நேரத்தைப் போக்காதீங்க. சூரியன் நேர் பின்னால இருந்தால் அது வானத்தைக் கறுக்காது. வடக்கே, தெற்கே திரும்பினால்தான் வேலை செய்யும்.

அகத்தியர் அருவிக்கு அங்கிருந்து 8 மணிக்குள்ள போயிரணும். வனத்துறைச் சோதனைச் சாவடி உண்டு, பிளாஸ்டிக் பையை வாங்கி வெச்சுருவாங்க. வெயில் மரத்துக்குள்ள புகுந்துட்டா திட்டுத் திட்டா வெள்ளை விழுந்து படம் போச்சு. நிழலில் இருக்கும்போது என்டி வேண்டாம். சிபிஎல், ஐஎஸ்ஓ 100, எஃப் 11, 1/4 செகண்ட் போதும். 6 ஸ்டாப் மாட்டினால் பல செகண்ட் ஆகும், தண்ணி பால் கொட்டின மாதிரி உருவமே இல்லாமப் போகும்.

பனங்காட்டான்:
சனி காலை உவரியும் மணப்பாடும் ரெண்டும் விடியலில் கிடைக்காது. என் ஓட்டு மணப்பாடு. ஊர்ப்பக்கக் கடற்கரையில் நின்னால் மேட்டு மேல திருச்சிலுவைக் கோயில் விடியல் வானத்துக்கு எதிரே கறுப்பு உருவமா நிக்கும். 6 மணிக்கு அங்க இருங்க, சூரியன் வந்த பிறகு அந்தப் படம் இல்லை. உங்க 6 ஸ்டாப் என்டி இங்கதான் பிரயோசனம், பாறையில் அலை புகையாப் படியும்.

அப்படியே குதிரைமொழித் தேரிக்கு (செம்மணல் மேடு) 8 மணிக்குள்ள. காத்து போட்ட வரி சாய்வெயிலில்தான் தெரியும். ஆட்டோ வெள்ளைச் சமநிலை அந்தச் சிவப்பைச் செத்த காவியா மாத்திரும், டேலைட்டில் வைங்க. லென்ஸ் மாத்துறது காருக்குள்ள, கண்ணாடி ஏத்தி. தார் ரோட்டை விட்டுக் காரை இறக்காதீங்க. தெரியாம இறங்கி டயர் புதைஞ்சா ஆக்சிலேட்டரை மிதிக்கக் கூடாது, சக்கரம் தனக்குத்தானே குழி தோண்டும். காத்தை 18-20 பிஎஸ்ஐக்கு இறக்கி, சக்கரத்துக்கு முன்னால பனை ஓலையோ கால்மிதியோ போட்டு மெதுவா எடுங்க. காத்தடிக்கிற பம்பு கையில் இருக்கணும்.

நாரைக்கூடு:
கூந்தன்குளம் சனி 3.30க்கு மேல. உச்சிவெயிலில் குளத்து மேல கானல் ஓடும், 400 மி.மீ.யில் பறவை கரைஞ்ச மாதிரி வரும். லென்ஸைக் குறை சொல்லாதீங்க. மேற்குக் கரையில் நின்னு கிழக்கே எடுத்தால் வெயில் முதுகில் இருக்கும். பறக்கிறதுக்கு ஷட்டர் 1/2000, ஐஎஸ்ஓ ஆட்டோ, நிக்கிறதுக்கு 1/500. பூநாரை, வரித்தலை வாத்து ரெண்டும் தண்ணி அளவைப் பொறுத்துத் தள்ளி நிக்கும், அதுக்காகச் சேத்தில் இறங்க வேண்டாம், கூட்டமே எழும்பிரும். சங்குவளை நாரை வீட்டுவாசல் மரத்திலேயே கூடு கட்டியிருக்கும், அதுக்கு 24-105 போதும். தொப்பி கட்டாயம், காரணம் அங்க போனா மேலிருந்து விழும்.

அந்த ஊரில் பறவைக்காகத் தீபாவளிக்கே வெடி போடமாட்டாங்க. ட்ரோன் பெட்டியைத் திறக்கவே திறக்காதீங்க.

கன்னடியன்கால்:
ட்ரோனை வீட்டிலேயே வெச்சுட்டு வாங்க. பாபநாசம் களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம். தெற்கே கூடங்குளம் அணுமின் நிலையம், விஜயநாராயணத்தில் கடற்படைத் தளம், மகேந்திரகிரியில் இஸ்ரோ. இந்த வளாகங்கள் பக்கம் ரோட்டோரம் ட்ரைபாட் விரிச்சாலே விசாரிக்க வந்துருவாங்க.

பேட்டைக்காரன்:
மணப்பாட்டில் இறங்கினதும் லென்ஸ் பனிக்குமா? காத்தாடி (காற்றாலை) படமும் வேணும்.

பனங்காட்டான்:
பனிக்கும். ஏசி ரூமில் ராத்திரி கேமராவை வைக்காதீங்க, இல்லேன்னா 40 நிமிஷம் முன்னாலயே ஜிப் மூடின பையோட டிக்கியில் போட்டுருங்க. உப்புத் தூவானத்தை உலர்ந்த துணியால் தேய்க்கக் கூடாது, கீறும். நல்ல தண்ணியில் நனைச்சுப் பிழிஞ்ச துணியால் முதலில் ஒத்தி எடுங்க.

காத்தாடிக்கு ஆனி, ஆடியில் காவல்கிணறு பக்கம் வாங்க. தையில் பாதி சும்மா நிக்கும்.